காலி நிலம் யாருடையது? கௌபாய் கதைகளும் நம் மாணவர்களும்



கௌபாய் படங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சிறிது தயங்கினார்கள். நினைவுச் சொற்பொழிவில் குதிரைக்கும் துப்பாக்கிக்கும் என்ன வேலை என்று நினைத்திருக்கலாம். ஆனால் நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயருக்கே அந்தக் கதையோடு உறவு உண்டு. 1765 முதல் 1777 வரை புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் பெயரால்தான் இது லாஸ்பேட்டை ஆயிற்று என்பார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லா. வட அமெரிக்காவில் லூசியானா என்று பிரான்சு பெயரிட்ட பரப்பில் வணிகம் செய்யும் ஏகபோக உரிமையை 1717இல் பெற்ற கம்பெனி அவருடையது. 1719இல் அது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆக, மிசிசிப்பிக் கரையும் புதுச்சேரிக் கடற்கரையும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1803இல் நெப்போலியன் அந்த லூசியானாவை, ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டரை, 1.5 கோடி டாலருக்கு அமெரிக்க அரசுக்கு விற்றார். அங்கே வாழ்ந்த ஓசேஜ், லகோட்டா மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கௌபாய் கதைகள் பலவும் நடக்கும் சமவெளிகள் அந்த விற்பனையில் அடங்கியவைதான்.

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தவர் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு மாணவர். லாஸ்பேட்டையில் சமூகவியல் படிக்கிறார். அவருடைய மாமா சேர்த்துவைத்திருந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும்தான் அவருக்கு முதல் நூலகம். டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், லக்கி லூக் எல்லோரும் அவருக்கு உறவுக்காரர்கள் மாதிரி. பிறகு கைப்பேசியில் ஜான் வேய்ன், கிளின்ட் ஈஸ்ட்வுட் படங்களைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார். மேற்படிப்புக்கு வந்து அமெரிக்கப் பழங்குடிகளின் வரலாற்றைப் படித்தபின் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “தோழர், இத்தனை வருசமா நான் துப்பாக்கி வச்சிருந்தவன் பக்கம்தான் நின்னு விசில் அடிச்சிருக்கேன். நினைச்சா வெட்கமா இருக்கு.”

இந்த வெட்கம் புதிதல்ல. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1965இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விவாத மேடையில் இதையேதான் பேசினார். சிறுவயதில் கேரி கூப்பர் செவ்விந்தியர்களைச் சுட்டுத்தள்ளும்போது கைதட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குழந்தைக்கு, சுடப்படுகிறவன் தானேதான் என்று ஒருநாள் தெரியவரும் அதிர்ச்சியை அவர் சொன்னார். நம் மாணவர் பால்ட்வினைப் படித்ததில்லை. படிக்காமலேயே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

ஆனால் வெட்கத்தோடு நின்றுவிட்டால் போதாது என்பது என் கருத்து. இதற்கு ஒரு சமூகவியல் ஆய்வு துணை செய்கிறது. 1992இல் ஜோஎலன் ஷைவ்லி வெளியிட்டது. அவரே பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்தவர். பழங்குடி ஒதுக்கிடம் ஒன்றில் 20 பழங்குடி ஆண்களுக்கும் 20 வெள்ளை ஆண்களுக்கும் ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தைப் போட்டுக் காட்டினார். 1956இல் வந்த படம். பழங்குடிகள் மீது வெறுப்பு கொண்ட கதாநாயகனாக ஜான் வேய்ன் நடித்தது. பழங்குடி ஆண்களுக்கும் படம் பிடித்திருந்தது. அவர்களும் கதாநாயகன் பக்கமே நின்றார்கள். ஆனால் பிடித்த காரணம் வேறு. வெள்ளையர்களுக்கு அது தங்கள் முன்னோரின் மெய்யான வரலாறு. பழங்குடிகளுக்கோ அது வரலாறே அல்ல. பரந்த வெளி, யாருக்கும் கைகட்டாத வாழ்க்கை, அந்த மலைகள், அந்த மண் இவைதான் பிடித்திருந்தன. கல்லூரியில் படிக்கும் பழங்குடி மாணவர்களிடம் காட்டியபோது நிலைமை மாறியது. தங்கள் மக்களை இழிவாகக் காட்டியதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இதைப் படிப்பாளிக்கு விழிப்பு இருக்கிறது, பாமரனுக்கு இல்லை என்று சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்குவது தவறு என்றே நினைக்கிறேன். ஒதுக்கிடத்து ஆண்கள் எதை ரசித்தார்கள் என்று மறுபடி பாருங்கள்: மண்ணை. தங்களிடமிருந்து போன ஒன்றைத் திரையில் கண்டு ரசித்தார்கள். விசில் அடித்த நம் மாணவரும் ஆண்டையிடம் கைகட்டி நிற்காத ஒரு மனிதனைக் கண்டுதான் விசில் அடித்திருப்பார். யார் பக்கம் நின்றோம் என்ற கேள்வியைவிட, படத்தில் அந்த நிலம் யாருடையது என்ற கேள்வி நம்மை அதிக தூரம் அழைத்துப் போகும்.

இதற்கு இலக்கியத்தில் ஒரு சின்னச் சான்று உண்டு. லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் எழுதிய ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி’ உலகெங்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் புத்தகம். கான்சாஸ் சமவெளியில் ஒரு வெள்ளைக் குடும்பம் வீடு கட்டிக் குடியேறும் கதை. அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டும் இருந்தார்கள் என்ற பொருளில் முதல் பதிப்பில் ஓரிடம் இருந்தது. ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு, 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் ‘குடியேறியவர்கள்’ என்ற சொல்லைப் போட்டார்கள். ஏறக்குறைய 18 ஆண்டுகள் அந்த வரியை எத்தனையோ ஆசிரியர்கள் வகுப்பில் உரக்கப் படித்திருப்பார்கள்! அந்தக் குடும்பம் வீடு கட்டியது ஓசேஜ் மக்களுக்கு உரிய நிலத்தில், சட்டப்படி அவர்கள் குடியேறக் கூடாத இடத்தில். ஜான் லாவின் கம்பெனிக் கணக்கில் இருந்த அதே பரப்பு. துப்பாக்கி எடுப்பதற்கு முன்பே, ‘இங்கே யாரும் இல்லை’ என்று எழுதுவதில் வேலை பாதி முடிந்துவிடுகிறது. ஃபெனிமோர் கூப்பர் 1826இல் மொஹிகன்களில் ‘கடைசி’ ஆளைப் பற்றி நாவல் எழுதினார். மொஹிகன் மக்கள் இன்றும் விஸ்கான்சினில் வாழ்கிறார்கள்.

‘செவ்விந்தியர்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காமிக்ஸ் வழியே நமக்குப் பழகிய சொல். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. நவஹோ மக்கள் தங்களை ‘தினே’ என்கிறார்கள். எதிரி சூட்டிய பெயரை ஏற்க மறுத்து வாழ்நாளெல்லாம் வாதிட்ட அயோத்திதாசரைப் படித்த நமக்கு இது புரியக் கடினமில்லை.

இனி நம் ஊர்ப் படங்கள். இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரை வைத்து ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) எடுத்தார். 1975இல் இந்தியில் ‘ஷோலே’. குதிரை வந்தது, தொப்பி வந்தது. பழங்குடி மனிதர் நின்ற இடத்தில் பெரும்பாலும் கொள்ளையன் வந்து நின்றான். இந்த இடமாற்றம் தற்செயலாக நடந்திருக்க முடியாது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பாலேயே திருடர்கள் என்று சமூகங்களுக்கு முத்திரை குத்திய நாடு இது. ‘ஊரைக் காப்பாற்ற வந்த வீரன்’ கதைக்கு எதிரி தயாராகவே இருந்தான். ஊர் என்றால் எந்த ஊர், அதில் சேரி எந்தப் பக்கம் என்று அந்தப் படங்கள் கேட்டதில்லை. 2010இல் வந்த ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ கேலிப் படம் என்பதால் விட்டுவிடலாம். சிரிக்க வைத்தது உண்மை. 2023இன் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஈஸ்ட்வுட் ரசிகனான ரவுடி ஒருவன் தன் காட்டு மக்களிடம் திரும்பிப் போகிறான். கடைசியில் அந்த மக்களைக் கொல்ல வருவது அரசின் காவல் படை, அதைப் பதிவு செய்வது சினிமா கேமரா. நாயகன் எல்லாவற்றையும் தோளில் சுமக்கும் பழைய பலவீனம் அதிலும் உண்டு. இருந்தாலும் நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தமிழ் வெகுசன சினிமா இந்த வடிவத்துக்குள் கொண்டுவந்தது பெரிய விசயம்.

மாணவரின் அடுத்த குறிப்பில், “அப்படியானால் செவ்விந்தியரும் நாமும் ஒன்று” என்று எழுதியிருந்தார். இங்கே நிதானம் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதார் யார்?’ என்று ஆராய்ந்த நூலில், நம் மக்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்று விளக்க அயர்லாந்தையும் வேல்சையும் எடுத்துக்கொண்டார். அங்கும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், காலப்போக்கில் அந்தக் கோடு அழிந்தது, இங்கே ஏன் அழியவில்லை என்று கேட்டார். ஒப்பிட்டபின் வேறுபாட்டைக் கேட்பது அவர் முறை. அமெரிக்காவில் எல்லைக்கோடு மேற்கே நகர்ந்துகொண்டே போனது; நிலத்தைப் பிடுங்கி மக்களை விரட்டினார்கள். இங்கே ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள கோடு நகரவில்லை. உழைப்பு வேண்டுமென்பதால் விரட்டவில்லை, அதே மண்ணில் கட்டிப்போட்டு நிலம் மட்டும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

‘காலி நிலம்’ இங்கே எப்படி வேலை செய்தது என்பதைச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை காட்டுகிறது. தரிசு நிலம் கேட்டுப் பறையர் ஒருவர் தர்காஸ்து மனு கொடுத்தால், முன்னுரிமை மிராசுதாருக்கு. அவர் உழாத நிலம், உழப்போகாத நிலம்; ஆனாலும் அவருடையது. அமெரிக்காவில் ஆள் வாழ்ந்த நிலத்தைக் காலி என்றார்கள். இங்கே உண்மையிலேயே தரிசாகக் கிடந்த நிலத்தைக் காலி இல்லை என்றார்கள். இரண்டு பொய்களும் யாருக்குப் பயன்பட்டன என்று பார்த்தால் போதும்.

அந்த அறிக்கைக்குப் பின் 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அமெரிக்காவில் 1887இல் டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டாக்கிக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பங்கிட்டது. 25 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்றது. பங்கிட்டது போக மீதியை உபரி என்று குடியேறியவர்களுக்குத் திறந்துவிட்டது. ஒன்று இருந்ததை உடைத்த சட்டம், மற்றொன்று இல்லாதவருக்குக் கொடுத்த ஆணை. நோக்கம் நேர் எதிர். முடிவைப் பாருங்கள். 1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934இல் 4.8 கோடி ஏக்கர். அங்கே கெடு முடிந்ததும் வரியும் கடனும் நிலத்தைக் கொண்டுபோயின. இங்கே நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் கைமாறிப்போனது. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் 1892 ஆணை இங்கே செல்லாது. ஆனால் லாஸ்பேட்டையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் சிறிது நேரத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள், வானூர் வட்டத்துக்குள் இருப்பீர்கள். அங்கே ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள். தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். 1979க்குப் பின் நடந்த யூ.டி.ஆர். பதிவை மட்டும் காட்டினால் அதற்கு முந்தைய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். நிபந்தனைப் பட்டா என்று பழையதில் குறிப்பு இருந்து புதியதில் இல்லாமல் போயிருக்கும் சர்வே எண்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். பதிவேடு இல்லை என்று வாயால் சொன்னால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு எழுத்தில் வாங்குங்கள்.