கோழித் தீவனம் 'உணவு' அல்ல: கிருமியைத் தேடும் பொறுப்பு யாருக்கு?

புதுதில்லி: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எவையெல்லாம் உணவு என்று விரிவாக விளக்கும் அதன் மூன்றாவது பிரிவு, கால்நடைத் தீவனம் உணவாகாது என்றும் கூறுகிறது. ஆகவே கோழிக்கறி உணவு, முட்டையும் உணவு. கோழி தின்னும் தீவனம் மட்டும் அச்சட்டத்தின் பார்வையில் உணவு அல்ல.

தீவனத்தைப் பற்றித் தலைநகரில் இதுவரை எழுந்த விவாதமெல்லாம் பெரும்பாலும் மருந்தைச் சுற்றியே நடந்துள்ளது. தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாங்கிய 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாக, அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் அறிவித்தது. வேறு மருந்து எதுவும் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகத் தரப்படும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் விற்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில் தடை விதித்தது. தாமதமாக வந்தாலும் நல்ல நடவடிக்கை.

ஆனால் தீவன மூட்டையில் மருந்து மட்டுமா வருகிறது?

1970-களின் தொடக்கத்தில் பெரு நாட்டு மீன் தூளுடன் 'சால்மோனெல்லா அகோனா' என்ற கிருமி அமெரிக்கக் கோழிப் பண்ணைகளுக்குள் நுழைந்தது. அங்கிருந்து உணவகத் தட்டு வரை சென்று மனிதரைப் படுக்கையில் தள்ளியது. அதே கிருமி பிரிட்டன் போன்ற நாடுகளிலும் பரவியது. அன்று அதன் தடத்தைக் கண்டறிய, கிருமியை வளர்த்து வகை பிரிக்கும் முறை மட்டுமே இருந்தது. பல நாள் பிடிக்கும் அம்முறையில், தேடும் கிருமி மட்டுமே தென்படும்.

மரபணு வரிசை வாசிப்பு இதை மாற்றியிருக்கிறது. எல்லா பாக்டீரியாக்களிலும் '16 எஸ்' எனப்படும் மரபணு உள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 1,500 எழுத்துகள். சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவும், சில பகுதிகள் இனத்துக்கு இனம் வேறுபட்டும் இருக்கும். தீவனத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, இந்த மரபணுவைப் பெருக்கி, வாசித்து, தரவுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டால், யாரும் தேடாத பாக்டீரியாவும் பட்டியலில் வந்து நிற்கும். 'நன்மை செய்யும் பாக்டீரியா கலந்தது' என்று மூட்டையில் அச்சிட்டிருப்பது உண்மைதானா என்றும் சோதிக்கலாம்.

இதையே மந்திரக்கோலாகக் கருதிவிடவும் கூடாது. தீவனத்தில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயா பிண்ணாக்கும்தான். தாவரங்களின் பசுங்கணிகங்களிலும் 16 எஸ் மரபணு உண்டு. எனவே வாசித்த வரிசைகளில் கணிசமானவை பாக்டீரியாவுடையதாக இல்லாமல் தாவரத்துடையதாகவே இருந்துவிடும். குருணைத் தீவனம் தயாராகும்போது நீராவிச் சூட்டில் இறந்த கிருமியின் டி.என்.ஏ.வும் அப்படியே எஞ்சி நிற்கும். பட்டியலில் உள்ள பெயர் உயிரோடு இருப்பதா, செத்ததா என்பதை இச்சோதனை சொல்லாது. சூட்டில் தப்பாத கிருமி, ஆறவைக்கும் இடத்தில் தூசியோடு மீண்டும் சேர்வதும் உண்டு.

முக்கியமான கேள்விக்கும் 16 எஸ் விடை தராது. அது கிருமியின் பெயரைத்தான் சொல்லும். மருந்துக்கு அடங்காத மரபணு அதனிடம் உள்ளதா என்று சொல்லாது. கொலிஸ்டினை வெல்லும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய 'எம்.சி.ஆர்-1' மரபணுவைச் சீன விஞ்ஞானிகள் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டறிந்து 2015-ல் வெளியிட்டனர். அதைக் காண அந்த மரபணுவையே குறிவைத்துத் தேட வேண்டும், அல்லது முழு மரபுத்தொகுதியை வாசிக்க வேண்டும். 2017-ல் தீவனத்தில் கொலிஸ்டினைச் சீனா நிறுத்திய பிறகு அந்த மரபணு குறைந்தது என்று உறுதியாகக் கூற முடிந்ததும், தடைக்கு முன்னும் பின்னும் தேடிப் பார்த்ததால்தான். தடையை அரசிதழில் வெளியிட்டுவிட்டு அளக்காமல் விட்டால், அது வேலை செய்ததா என்று அறிய வழியில்லை.

இந்தியாவில் யார் அளப்பது? மருந்துத் தடை சுகாதார அமைச்சகத்தின் அதிகாரம். தீவனத் தரம், இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுப்பது. கால்நடை நோய்த் தடுப்பு அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் நோய் மாநிலம் விட்டு மாநிலம் பரவாமல் தடுப்பதும், பிண்ணாக்கு உள்ளிட்ட கால்நடைத் தீவன வணிகமும் பொதுப்பட்டியலில் வருகின்றன. தில்லி நினைத்தால் சட்டம் இயற்றத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிகாரின் பூர்ணியா அருகேயுள்ள குலாப்பாக் சந்தையில் குவியும் மக்காச்சோளம், தொலைதூர மாநிலங்களின் தீவன ஆலைகளுக்கு லாரியிலும் ரயிலிலும் செல்கிறது. நாமக்கல் முட்டையோ எல்லை கடந்து கேரளத்துக்குப் போகிறது. கிருமி ஒரு மாநிலத்தில் ஏறி இன்னொரு மாநிலத்தில் இறங்கினால், மாதிரி எடுக்க வேண்டியவர் எந்த அரசின் அதிகாரி?