ஆஞ்சியோவிற்குப் பிறகு: இரத்தக்கசிவைத் தடுத்தலும் படுக்கை ஓய்வும்

இதய இரத்தக்குழாய்களில் அடைப்பு உள்ளதா என்பதை அறிய, தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாய் ஒன்று இதயம்வரை செலுத்தப்படுகிறது. மக்கள் வழக்கில் இதுவே ‘ஆஞ்சியோ’. புளியந்தோப்பு, இராயபுரம் பகுதிகளைச் சேர்ந்த பலர் இதற்காக ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ செல்கின்றனர். குழாயை எடுத்த பின் வரும் சில மணி நேரத்தில் நோயாளியும் உடனிருப்போரும் செய்ய வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

தமனியில் இரத்தம் மிகுந்த அழுத்தத்துடன் பாய்கிறது. இரத்தம் உறையாதிருக்கும் மருந்தும் செலுத்தப்பட்டிருக்கும். தொடைவழிப் பரிசோதனையில் குழாயை எடுத்ததும், வழக்கமாக 15 முதல் 20 நிமிடங்கள் கையால் அழுத்திப் பிடிப்பர். துளையை அப்போது மூடுவது சிறு உறைகட்டி மட்டுமே. காலை மடக்கினாலோ எழுந்து அமர்ந்தாலோ அது பெயர்ந்துவிடும். ஆகவே பொதுவாக 4 முதல் 6 மணி நேரம், மருத்துவர் கூறும்வரை, காலை நீட்டி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தலையை உயர்த்தி எட்டிப் பார்ப்பதும் கூடாது. அதனால் அடிவயிறு இறுகும். இருமல், தும்மல் வரும்போது கட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொள்ளவும்.

பெரும்பாலோர் தவறுவது சிறுநீர் கழிக்கும் நேரத்தில்தான். படுக்கையில் கழிக்கக் கூச்சப்பட்டு, கழிப்பறைக்கு எழுந்து செல்கின்றனர். சிலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். செலுத்தப்பட்ட சாயம் சிறுநீரில் வெளியேற, மருத்துவர் தடை கூறாதவரை, தண்ணீர் அவசியம். படுக்கைக் கழிகலத்தை உடனிருப்பவர் செவிலியரிடம் முன்னதாகவே கேட்டு வைக்கவும்.

கட்டு உலர்ந்திருப்பதைக் கண்டு நிம்மதியடைய வேண்டாம். இரத்தம் இடுப்புக்கு அடியில் வழிந்து தேங்கக்கூடும். அவ்வப்போது போர்வையை விலக்கி, விரிப்பையும் பார்க்கவும். வெளியே கசிவின்றி உள்ளேயும் இரத்தம் கசியலாம்: முதுகு அல்லது அடிவயிற்று வலி, வியர்வை, தலைச்சுற்றல் தோன்றினால் செவிலியரை உடனே அழைக்கவும். கால் குளிர்ந்து, வெளுத்து, மரத்துப் போனாலும் அவ்வாறே.

மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் விரைவில் நடமாடலாம். அக்கையால் ஊன்றி எழுவதும், அதில் இரத்த அழுத்தம் பார்ப்பதும் கூடாது.

வீடு திரும்பிய பின் ஏறத்தாழ ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. 15 லிட்டர் தண்ணீர்க் குடம் 15 கிலோ எடையுடையது; அடிபம்பில் தண்ணீர் அடிப்பதும் சுமை தூக்குவதற்கு நிகரானதே. இதை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும். துறைமுகத்திலும் கிடங்குகளிலும் சுமை தூக்குவோர் பணிக்குத் திரும்பும் நாளை மருத்துவரிடம் கேட்டறியவும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் வசிப்போர் முதல் இரண்டு நாட்கள் படியேறி இறங்குவதைக் குறைக்கவும். தரைக் கழிப்பறையில் குந்துவதற்குப் பதிலாக, கழிப்பறை நாற்காலியைப் பயன்படுத்தலாம்.

வீட்டில் இரத்தம் கசிந்தால் நோயாளியைத் தரையில் படுக்க வைத்து, துளையின் மீதும் அதற்குச் சற்று மேலேயும் விரல்களால் பலமாக அழுத்தவும். நின்றுவிட்டதா என்று இடையில் கையை எடுத்துப் பார்க்க வேண்டாம். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஊர்தி வரும்வரை அழுத்தம் தொடர வேண்டும்.

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், சிறு கசிவுக்கு அஞ்சி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பு ஏற்படக்கூடும். சில நாட்கள் கழித்துத் துளையருகே துடிக்கும் கட்டி தென்பட்டால், அதைத் தேய்க்காமலும் ஒத்தடம் கொடுக்காமலும் அன்றே மருத்துவமனையில் காட்டவும்.