ஐந்து நகரங்கள், ஒரே சாளரம்

திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஏர்பேடு, கூடூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையிலான இருப்புப்பாதையில் அமைந்த ஊர். திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இவ்வூரில் இயங்குகிறது. இப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊர் செல்வது வழக்கம். மதுரைக்குச் செல்லும் குடும்பம், சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் பாண்டியன் விரைவு வண்டிக்கான சீட்டைத் திருப்பதி நிலையத்து முன்பதிவுச் சாளரத்திலேயே பெறலாம். சில நொடிகளில் முடியும் இச்செயலுக்குப் பின்னால், வெவ்வேறு நகரங்களில் உள்ள கணினி அமைப்புகளின் உரையாடல் இருக்கிறது.

ஏட்டுக் காலம்

முன்பு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. வேறு ஊரிலிருந்து புறப்படும் வண்டியில் இடம் வேண்டுமெனில், அவ்வூருக்குத் தந்தி அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். திரும்பி வர இடம் கிடைக்குமா என்பது தெரியாமலேயே பலர் பயணம் புறப்பட்டனர்.

1985ஆம் ஆண்டில் புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. 1986இல் இரயில்வே தகவல் அமைப்பு மையம் நிறுவப்பட்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் முன்பதிவுச் சேவையகங்கள் அமைந்தன. ஆயினும் அவை தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. திருப்பதிப் பகுதி தென்மத்திய இரயில்வேயைச் சேர்ந்திருந்தது. அதன் சேவையகம் செகந்திராபாத்தில் இருந்தது. தென்னக இரயில்வே வண்டிகளின் விவரங்களோ சென்னையில் இருந்தன.

இந்தத் தீவுகளை இணைப்பதற்காக அம்மையம் 'கான்செர்ட்' என்னும் மென்பொருளை உருவாக்கியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பாயின.

இணைப்புக்கு வேண்டியவை

இரண்டு சேவையகங்களை இணைக்க, கம்பியை மட்டும் பொருத்தினால் போதாது.

முதலாவது, பாதை. செய்தி செல்லத் தொலைத்தொடர்பு வழி வேண்டும். ஒரு வழி அறுந்தால் பயன்படுத்த மாற்று வழியும் வேண்டும்.

இரண்டாவது, முகவரி. வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல, ஒவ்வொரு சேவையகத்துக்கும் தனி எண் முகவரி உண்டு.

மூன்றாவது, நெறிமுறை. தமிழ் மட்டும் அறிந்தவரும் தெலுங்கு மட்டும் அறிந்தவரும் பேசப் பொதுமொழி ஒன்று தேவைப்படுகிறது. அவ்வாறே, செய்தியை எவ்வடிவில் அனுப்புவது, அது வந்து சேர்ந்ததை எவ்வாறு தெரிவிப்பது என்பவற்றை இரு கணினிகளுக்கும் பொதுவான விதிகள் வரையறுக்கின்றன.

நான்காவது, பாதுகாப்பு. கேட்பது உரிய கணினிதானா என்பதைச் சேவையகம் சரிபார்க்கும். அனுமதியற்ற செய்திகளைத் தீயரண் தடுக்கும். பிறர் படிக்க இயலாதவாறு செய்திகள் மறையாக்கம் செய்யப்படும்.

ஒரு படுக்கை, இரு பயணிகள்

திருப்பதியில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே நொடியில் கடைசிப் படுக்கையைக் கேட்டால் என்ன ஆகும்? வண்டியின் விவரம் ஒரே சேவையகத்தில்தான் இருக்கும். கோரிக்கை எங்கிருந்து வந்தாலும் அங்கேதான் செல்லும். முதலில் வந்த கோரிக்கைக்காக அச்சேவையகம் அந்தப் படுக்கையைப் பூட்டிவைக்கும். மற்றவர் காத்திருப்போர் பட்டியலில் சேர்வார்.

இடையில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? 'கையில் காசு, வாயில் தோசை' என்பது பழமொழி. பணமும் இடமும் அவ்வாறே கைமாற வேண்டும். எனவே பணம் பெறுதல், இடம் ஒதுக்குதல் ஆகிய இரண்டும் நிறைவேற வேண்டும்; இல்லையேல் இரண்டும் நீக்கப்பட வேண்டும். பாதியில் நிற்றல் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே கணினியில் வைத்தால் எளிதன்றோ எனத் தோன்றலாம். அந்த ஒன்று பழுதானால் நாடு முழுவதும் முன்பதிவு நின்றுவிடும். பிரிந்திருந்தால், ஒரு மையம் முடங்கினாலும் மற்ற மையங்களின் வண்டிகளுக்கு முன்பதிவு தொடரும்.

2002இல் இணையவழி முன்பதிவும் தொடங்கியது. சாளரம் வீட்டுக்குள் வந்தது. தொலைவில் வாழ்வோருக்கு, ஊருக்குப் போகும் நாளையும் திரும்பும் நாளையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் வாய்ப்பை இவ்விணைப்பு அளித்துள்ளது.

சொற்பொருள்

சேவையகம் – பிற கணினிகள் கேட்கும் தகவலைத் தரும் கணினி
நெறிமுறை – செய்திப் பரிமாற்றத்துக்கான பொதுவிதி
மறையாக்கம் – பிறர் அறியாதவாறு செய்தியை மாற்றுதல்

விடை எழுதுக

1. 1999க்கு முன் ஐந்து சேவையகங்களும் 'தீவுகள்' எனப்படுவது ஏன்?
2. ஒரே படுக்கை இருவருக்கு ஒதுக்கப்படாமல் எவ்வாறு தடுக்கப்படுகிறது?
3. தந்திக் காலத்தில் ஊருக்குச் சென்று திரும்பிய அனுபவத்தை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.