ஆங்கிலத்தில் ஓடுகிற கடை புனேயில் நடக்கும், தெரியுமா?

எழுத்து மூன்று. பொருள் 645! 'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011-இல் காட்டிய கணக்கு இது. கோலி அடிக்கிற ரன் இதில் சேரவே சேராது, அது பெயர்ச்சொல், அதற்குத் தனிக் கணக்கு. இந்த ஒரு வினையை ஆராய்ந்து முடிக்க, அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது தெரியுமா?

அதற்கு முன்னால் மகுடம் வேறொரு சொல்லின் தலையில் இருந்தது. 1989-இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருளோடு 'செட்' முதலிடம். பிறகு 'மேக்' முந்தியது, அதை 'புட்' முந்தியது, கடைசியில் எல்லாரையும் தாண்டி 'ரன்' ஓடிவிட்டது.

சரி, 645 பொருளில் அப்படி என்னதான் இருக்கிறது? ஆங்கிலத்தில் ஆறு ஓடும், மூக்கும் ஓடும். பஸ் ஓடும், நாடகம் ஓடும், துவைக்கும்போது துணியின் சாயம் ஓடும். காய்ச்சல்காரர் காய்ச்சலை 'ஓட்டுவார்'. குடும்பத்தில் சர்க்கரை நோய் பரம்பரையாக வந்தால், அது அந்தக் குடும்பத்தில் 'ஓடுகிறது'. பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டினால் போச்சு, ஆளே மாறிவிடும். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றிவிடுவது. மைதானத்தில் 'ரன் அவுட்' என்றால் ஆட்டக்காரர் வெளியே. அதையே அடுப்படியில் சொன்னால் சர்க்கரை தீர்ந்துபோச்சு!

இதைவிட வியப்பு புனேயில் எங்கள் தெருவில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ராஸ்தா பேட்டையில், மளிகைக் கடையில் ஒரு நாள் சில்லறை இல்லாமல் நின்றேன். கடைக்காரர் பருப்புப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "உத்யா திலே தரீ சாலேல், தாய்" என்றார். நாளைக்குத் தந்தாலும் பரவாயில்லை அக்கா என்று அர்த்தம். ஆனால் சொல்லுக்குச் சொல் பாருங்கள்: நாளைக்குத் தந்தாலும் 'நடக்கும்'! மராட்டியில் 'சாலணே' என்றால் நடப்பது. ஆங்கிலம் ஓடுகிற இடத்தில் மராட்டி நிதானமாக நடக்கிறது. கடை நடக்கும், கடிகாரம் நடக்கும், தியேட்டரில் சினிமாவும் நடக்கும். கடை திறந்திருந்தால் 'சாலூ', விளக்கு எரிந்தாலும் 'சாலூ'. ஆள் கொஞ்சம் தில்லாலங்கடி என்றால் அவரும் 'சாலூ'தான்! இந்த ஒரு வினையைக் கற்றுக்கொண்டால் புனேயில் பாதி நாளை ஓட்டிவிடலாம் என்று புதிதாக வருகிற தமிழ்ப் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன்.

பாதி நாளை ஓட்டிவிடலாம் என்று எழுதினேனே, அங்கே நிறுத்துங்கள். நாளை எப்படி ஓட்டுவது? அதுதான் நம் தமிழ்! வண்டியை ஓட்டுகிறோம், ஏரை ஓட்டுகிறோம், பேயை ஓட்டுகிறோம், சம்பளம் வரும்வரை மாதத்தை ஓட்டுகிறோம். வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டுகிறோம். நண்பர்கள் கூடினால் யாராவது ஒருத்தரைப் பிடித்து வைத்து ஓட்டுகிறோம். படம் நூறு நாள் ஓடுகிறது, பெட்டிக்கடையால் பிழைப்பு ஓடுகிறது, பரீட்சை நேரத்தில் மனசு எங்கேயோ ஓடுகிறது. காதலித்த பெண் ஓடிப்போனாள் என்றால் அதில் ஓட்டமே இல்லை, அவள் பஸ்ஸில் உட்கார்ந்து போயிருப்பாள்! எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது ஒன்று உண்டு. நல்ல செய்தி கேட்ட பதற்றத்தில் அம்மா சொல்வாள், "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." கால் ஓடும், சரி. கையை ஓடவிட்ட மொழி நம்முடையது.

யாழ்ப்பாணத்துக்குப் போனால் இன்னொரு அதிசயம். அங்கே காரை யாரும் ஓட்டுவதில்லை. "அவர் நல்லாக் கார் ஓடுவார்" என்பார்கள். சைக்கிளும் அப்படியே, "சைக்கிள் ஓடத் தெரியுமோ?" முதல் தடவை கேட்கிற சென்னைக்காரர் திகைத்துப்போவார்.

கடை விஷயத்தில் மட்டும் தமிழ் இரண்டு பக்கமும் நிற்கிறது. கடை ஓடுகிறது என்போம், ஆனால் அண்ணாச்சி கடை 'நடத்துகிறார்' என்போம். நடத்துவது என்றால் நடக்க வைப்பது. புனேக்காரர் சொல்லும் 'சாலவணே' அச்சு அசலாக அதேதான். தேர்தல் வந்தால் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார். பிரிட்டனில் நிற்கிறார். மராட்டியிலும் தமிழிலும் நிற்கிறார். காய்ச்சலோ தமிழில் அடிக்கும், மராட்டியில் வெறுமனே வரும்.

ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் என்று எண்ணுகிற வேலை புனேயிலேயே, எரவாடாவில் உள்ள டெக்கான் கல்லூரியில், 1948 முதல் நடக்கிறது தெரியுமா? எஸ். எம். கத்ரே தொடங்கிவைத்த சம்ஸ்கிருத அகராதித் திட்டம் அது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் போலவே ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் வந்தது என்று வரலாற்று வரிசையில் காட்டுவது நோக்கம். ரிக்வேதத்தில் தொடங்கி ஏறக்குறைய 1,500 நூல்களைப் படித்து, சொல்லுக்கு ஒரு சீட்டு என்று கையால் எழுதினார்கள். 1973 வரை, 25 ஆண்டுகள் இது மட்டுமே வேலை. சேர்ந்த சீட்டுகள் சுமார் ஒரு கோடி! முதல் தொகுதி 1976-இல் அச்சேறியது. 35 தொகுதிகள் வெளிவந்த பிறகும் அகராதி 'அ' என்ற முதல் எழுத்தைத் தாண்டவில்லை. 1857-இல் விதை போட்ட ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1928-இல், 71 ஆண்டுகளில், முழுதாக வெளிவந்துவிட்டது. புனே அந்த வயதை எப்போதோ கடந்துவிட்டது. தாமதம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்த மொழி அவ்வளவு பெரியது.

அங்கேயும் 'ரன்' வித்தைதான், ஆனால் தலைகீழாக! ஆங்கிலத்தில் குட்டிச் சொல் பின்னால் ஒட்டும், சம்ஸ்கிருதத்தில் முன்னால் ஒட்டும். எடுத்துச் செல்வதைக் குறிக்கும் 'ஹ்ரு' என்ற வேர் ஒன்றே ஒன்று. முன்னால் 'ஆ' வந்தால் ஆகாரம், சாப்பாடு. 'சம்' வந்தால் சம்ஹாரம், திருச்செந்தூரில் சூரனுக்கு நடப்பது. 'பரி' வந்தால் பரிகாரம், ஜோசியர் சொல்வது.

அப்படியானால் 'ஓடு' என்பதற்கு அங்கே என்ன சொல்? 'தாவ்'. மராட்டியின் 'தாவணே', ஓடுவது, அதிலிருந்து வந்ததுதான். பாணினி மரபின் வினைப்பட்டியல் இந்த வேருக்கு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று ஓடுதல், மற்றது கழுவித் தூய்மை செய்தல்! ஓட்டத்துக்கும் துவைப்புக்கும் ஒரே வேரா என்று நினைத்து நினைத்து வியக்கிறேன். எரவாடாவில் உலோக இழுப்பறைகளுக்குள், 'அ' வரிசைக்கு வெகு தூரம் தள்ளி, அந்தச் சொல்லின் சீட்டுகள் தங்கள் முறை வரும் என்று காத்திருக்கின்றன.