வெகுமதிப் புள்ளிகளும் வருமான வரியும்

செஞ்சி வட்டாரத்தில் நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. கிரெடிட் கார்டில் நூலும் உரமும் வாங்கியதற்கு வங்கி அளித்த வெகுமதிப் புள்ளிகளைப் பணமாக மாற்றிக்கொண்டால், அதற்கு வருமான வரி உண்டா என்பதே அது.

கூட்டுறவாளருக்கு இதன் தத்துவம் புதிதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளரும் 1844இல் தொடங்கிய பண்டகசாலை, தன் மிச்சத்தை அவரவர் கொள்முதலுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த விலையில் ஒரு பகுதி திரும்புவது புது வருமானமன்று, விலைக்கழிவேயாகும். வீட்டுக்கு மளிகையோ துணியோ வாங்கிப் பெறும் புள்ளியும் இத்தகையதே.

தொழிலுக்கு வாங்கும்போது கணக்கில் கவனம் தேவை. 10,000 ரூபாய்க்கு நூல் வாங்கி, புள்ளிகளால் 200 ரூபாய் திரும்பப் பெற்றால், நூலின் அடக்கம் 9,800 ரூபாயே. முழுத் தொகையையும் செலவாக எழுதினால் லாபம் குறைத்துக் காட்டப்பட்டதாகும். நெல்லும் மணிலாவும் பயிரிடுவோரின் விவசாய வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. எனினும் உரச் செலவை உள்ளபடி எழுதுவதே நன்று.

விற்பனை இலக்கை எட்டியதற்காக வணிகருக்குக் கிடைக்கும் தொலைக்காட்சிப் பெட்டி, சுற்றுலா போன்றவை வேறு வகை. தொழிலால் வரும் இத்தகைய நன்மைகள் ஓராண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், அளிப்பவர் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டுமென்ற விதி 2022 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வாங்குவோருக்குத் தரும் விலைத் தள்ளுபடிக்கு இப்பிடித்தம் வேண்டியதில்லை என மத்திய நேரடி வரிகள் வாரியம் அதற்கு முந்திய மாதமே விளக்கியது.

இனி, சங்கங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. செயலாளர் தம் சொந்தக் கார்டில் சங்கத்திற்கு நூல் வாங்கி, தொகையைச் சங்கத்திடம் பெற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகள் அவர் பெயரில் ஏறினும், செலவான பணம் அங்கத்தினருடையது. அவர் அவற்றைத் தாமே அனுபவித்தால் அது விலைக்கழிவாகாது. கைப்பணம் செலவிடாமல் பெற்ற ஆதாயமாகும். வரிக் கேள்வியுடன் நாணயக் கேள்வியும் அங்கே எழும்.

ஆகவே, சங்கக் கொள்முதலில் சேரும் புள்ளிகள் சங்கத்திற்கே உரியவை என நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, மாற்றிய தொகையை அன்றே ரொக்கப் புத்தகத்தில் வரவு வைத்தல் வேண்டும். தொகை சிறிதாயினும், அது தறியிலும் வயலிலும் உழைத்தவர் பணம் என்பதை மறத்தலாகாது.