மெதுவான ரெண்டரும் காணாமற்போகும் பிளகினும்: சாட்சியக் காணொளி செய்பவர்களுக்குச் சில குறிப்புகள்

மே 18, ஓகஸ்ட் 30, நவம்பர் 27 ஆகிய நாட்கள் நெருங்கும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். அழைப்பவர்கள் பெரும்பாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து இளைஞர்கள். ஊரில் ஒரு நினைவுக் காணொளியோ, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயுடைய சாட்சியமோ செய்துகொண்டிருப்பார்கள். கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: “அண்ணை, ரெண்டர் பத்து வீதத்திலயே நிக்குது. விடியிறதுக்குள்ள முடியுமோ?”

காணொளித் தொகுப்பும் அசையும் வரைகலையும் எனது தொழில். இந்தக் கேள்விக்கு நான் தொலைபேசியில் சொல்லும் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இது கணினிப் பிரச்சினை மட்டுமல்ல என்பதும் எழுதுவதற்கு ஒரு காரணம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய உறவினர்களின் போராட்டத்தில் அமர்ந்திருந்த பல பெற்றோர் பதில் எதுவும் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களில் சிலருடைய குரல் இன்று யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருக்கிறது. இன்னும் உயிரோடு இருப்பவர்களில் சிலர், முகத்தைக் காட்ட மாட்டோம் என்ற உறுதிமொழியை நம்பித்தான் கமராவுக்கு முன்னால் பேசினார்கள். ஆகவே ரெண்டர் ஒழுங்காக முடிவதிலும் சரியாக வெளிவருவதிலும் அவர்களுடைய பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

நான் சொல்வது பெரும்பாலும் அடோபி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளைப் பற்றியது. எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் அதிகம் புழங்குவது அதுதான்.

ஏன் இவ்வளவு நேரம்?

காணொளி என்பது நிழற்படங்களின் வரிசை. ஒரு செக்கனுக்கு 25 ஃபிரேம் என்றால், பத்து நிமிடக் காணொளியில் 15,000 ஃபிரேம்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் கணினி தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதுகிறது. ஒரு ஃபிரேமுக்கு 4 செக்கன் எடுத்தால் மொத்தம் சுமார் பதினாறே முக்கால் மணித்தியாலம். 12 செக்கன் எடுத்தால் 50 மணித்தியாலம். அதனால் “எத்தனை மணித்தியாலம்?” என்று கேட்பதைவிட “ஒரு ஃபிரேமுக்கு எத்தனை செக்கன்?” என்று கேட்பதே பயனுள்ளது. அந்த ஒரு எண்ணைக் குறைத்தால் மற்றதெல்லாம் குறையும்.

நினைவுக் காணொளிகளில் நான் அடிக்கடி காணும் சுமை நிழற்படங்கள்தான். இருநூறு பேருடைய படங்களைச் சுவர்போல அடுக்கிக் காட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் 24 மெகாபிக்சலில் ஸ்கான் செய்யப்பட்டது. அப்படி ஒரு படம் கணினியின் நினைவகத்தில் விரியும்போது ஏறத்தாழ 96 மெகாபைட் பிடிக்கும். இருநூறு படங்களுக்கு 19 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் திரையில் ஒவ்வொரு படமும் தீப்பெட்டி அளவில்தான் தெரியப்போகிறது. மூலப்படங்களைப் பத்திரமாக ஒரு கோப்புறையில் வைத்துவிட்டு, காணொளிக்கென்று சிறிதாக்கிய பிரதிகளைப் பாவியுங்கள். வேறு எதையும் மாற்றாமலே இந்த ஒன்றால் வேலை பலமடங்கு வேகமாவதைப் பார்ப்பீர்கள்.

அடுத்தது கைபேசிக் காணொளி. கைபேசிகள் எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கிப் பதிவு செய்கின்றன. இதில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படங்கள் அல்ல. அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து மாறிய பகுதி மட்டுமே அவற்றில் இருக்கும். ஒரு ஃபிரேமைக் காட்ட மென்பொருள் பலவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். போதாக்குறைக்கு, பல கைபேசிகளில் செக்கனுக்கான ஃபிரேம் எண்ணிக்கை நிலையாக இருப்பதில்லை. உதடும் குரலும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். தொகுக்கத் தொடங்கு முன்னரே, இலவசமாகக் கிடைக்கும் ஷட்டர் என்கோடர் போன்ற ஒன்றால் நிலையான 25 ஃபிரேமுக்கும், புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பு பெரிதாகும், வேலை இலகுவாகும்.

நேரத்தைத் தின்பது யார்?

ஊகித்து எதையும் அழிக்கவேண்டாம். 2021 ஒக்டோபருக்குப் பிந்தைய பதிப்புகளில், டைம்லைனில் ஒவ்வொரு லேயருக்கும் எஃபெக்ட்டுக்கும் எவ்வளவு நேரம் செல்கிறது என்று காட்டும் ஒரு நிரல் உண்டு. அதைத் திறந்தால் குற்றவாளி யாரென்று எண்ணிலேயே தெரிந்துவிடும். பழைய பதிப்பென்றால், எஃபெக்ட்களை ஒவ்வொன்றாக அணைத்து, ஒரே ஃபிரேமுக்கு எடுக்கும் நேரத்தை ஒப்பிடுங்கள்.

வழக்கமாக அகப்படுபவை: துகள்களை உருவாக்கும் பிளகின்கள், இரவுக் காட்சியின் புள்ளிகளை நீக்கும் பிளகின்கள், கமரா லென்ஸ் மங்கல், ஒளிவட்டம், முன்பின் ஃபிரேம்களைக் கேட்கும் மெதுவசைவு எஃபெக்ட்கள். இவற்றை நீக்கத்தான் வேண்டுமென்றில்லை. கனமான லேயரை மட்டும் ஒருமுறை தனியாக ரெண்டர் செய்து, அந்தக் கோப்பை அந்த இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்காக மெழுகுதிரிச் சுடரை மீண்டும் மீண்டும் கணக்கிடத் தேவையில்லை.

அதே 2021 பதிப்பில்தான் பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்யும் வசதி இப்போதைய வடிவில் வந்தது. ஆனால் எல்லாப் பிளகின்களும் இதற்கு ஏற்றவையல்ல. ஏற்காத பிளகினுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைச் சின்னம் வரும். அப்படியான ஒன்று இருந்தாலே அந்தக் காட்சியின் வேகம் விழுந்துவிடும். நினைவகமும் முக்கியம். அடோபி கேட்பது குறைந்தது 16 ஜிகாபைட். அதைவிடக் குறைவாக இருந்தால் ரெண்டர் ஓடும்போது உலாவியையும் மற்ற மென்பொருட்களையும் மூடிவிடுங்கள். கேஷ் கோப்புறையை வெளியே செருகிய யூஎஸ்பி டிஸ்க்கில் வைக்காமல் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் வையுங்கள்.

மடிக்கணினியில் வேலை செய்பவர்கள் சார்ஜரைச் செருகியே ரெண்டர் செய்யவேண்டும். பற்றரியில் ஓடும்போது கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தாலும் அதேதான் நடக்கும், ஏனென்றால் சூடு கூடும்போதும் அது தானாக வேகத்தைக் குறைக்கும். விசிறித் துவாரத்தில் அடைந்திருக்கும் தூசியைத் துப்புரவாக்குவதற்குச் செலவு எதுவும் இல்லை.

பிளகின் மோதும்போது

மென்பொருள் திறக்கும்போதே நின்றுபோனாலோ, குறிப்பிட்ட ஒரு ஃபிரேமில் விழுந்தாலோ முதலில் பார்க்கவேண்டியது பொருத்தம். பிளகினும் மென்பொருளின் பதிப்பும் ஒன்றுக்கொன்று ஏற்றவையா? கிராபிக்ஸ் காட்டின் டிரைவர் புதியதா? என்விடியா காட் வைத்திருப்பவர்கள் விளையாட்டுக்கான டிரைவரை விட்டு ஸ்டூடியோ டிரைவரை இடுவது நல்லது. புரொஜெக்ட் செட்டிங்ஸில் ஜிபியுவுக்குப் பதிலாக மென்பொருள் மட்டும் என்பதைத் தெரிவுசெய்து பாருங்கள். வேகம் குறைந்தாலும் கறுப்பு ஃபிரேம் வருவது நின்றால், கோளாறு ஜிபியு பக்கத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

எந்தப் பிளகின் என்று தெரியாவிட்டால் பாதி பாதியாகப் பிரியுங்கள். மென்பொருளை மூடிவிட்டு, பிளகின் கோப்புறையிலிருந்து பாதியை வேறிடத்துக்கு நகர்த்தித் திறந்து பாருங்கள். பிரச்சினை நின்றால் அது நகர்த்திய பாதிக்குள் இருக்கிறது. 32 பிளகின்கள் இருந்தாலும் ஐந்து தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம். விண்டோஸில் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் சொந்தப் பிளகின் கோப்புறை ஒன்று, அடோபி மென்பொருட்கள் பொதுவாகப் பாவிக்கும் மீடியாகோர் கோப்புறை மற்றது. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அதற்கும் சரிவராவிட்டால், கொன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் அழுத்தியபடி மென்பொருளைத் திறந்து அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம்.

தமிழ் எழுத்துக் குழம்புவதும் இதோடு சேர்ந்தது. கொம்பு தனியாக, எழுத்துத் தனியாக நின்றால் எழுத்துருவைக் குறைசொல்லு முன், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான இயந்திரம் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பின் மென்பொருளை மூடித் திறந்து எழுத்தைப் புதிதாக இடுங்கள். இறந்த பிள்ளையின் பெயரைத் திரையில் தேடும் தாய்க்கு அந்தப் பெயர் உடைந்து தெரியக்கூடாது.

முகம் வெளிப்படும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஒரு கணினியில் செய்த புரொஜெக்ட்டை வேறொரு கணினியில் திறக்கும்போது, அதிலுள்ள பிளகின் இங்கே இல்லாவிட்டால் ஓர் எச்சரிக்கை வரும். அவசரத்தில் ஓகே அழுத்திவிடுவோம். பிறகு அந்த எஃபெக்ட் இல்லாமலே அந்த லேயர் ரெண்டர் ஆகும். இல்லாமற்போனது ஒளிவட்டம் என்றால் அழகு குறையும், அவ்வளவுதான். இல்லாமற்போனது சாட்சியின் முகத்தை மங்கலாக்கிய பிளகின் என்றால், அந்த முகம் தெளிவாக வெளியே வரும். ரெண்டர் வேகமாக முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்படவும் கூடும்.

ஆகவே முகத்தை மறைக்கும் வேலைக்கு வெளிப் பிளகின் எதையும் பாவிக்கவேண்டாம். மென்மையான மங்கலும் சிறிய கட்டங்களும்கூட முழுப் பாதுகாப்பு அல்ல. தெரிந்தவர்கள் தலை வடிவத்தையும் சாயலையும் வைத்தே அடையாளம் காண்பார்கள். மங்கலாக்கியதை ஓரளவு மீட்டெடுக்கும் முறைகளும் இருக்கின்றன. முகத்துக்கு மேல் முழுமையான ஒரு கறுப்பு வடிவத்தை வைப்பதே உறுதியானது. அதற்குப் பிளகின் தேவையில்லை, ரெண்டர் நேரமும் கூடாது. அதைவிட நல்லது, பதிவு செய்யும்போதே கைகளையோ முதுகுப் பக்கத்தையோ எடுப்பது. குரலுக்கும் இது பொருந்தும். சுருதியை மட்டும் மாற்றிய குரலைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆபத்து அதிகமென்றால் வேறொருவரைக் கொண்டு அந்தச் சொற்களை வாசிப்பியுங்கள்.

முகத்தைத் தொடரும்படி அமைத்த மறைப்பு ஓரிரு ஃபிரேமில் வழுக்கிவிடுவதும் உண்டு. காணொளியை நிறுத்தி ஒரு ஃபிரேமைப் படமாக எடுப்பது யாருக்கும் ஒரு நொடி வேலை. முகம் வரும் பகுதிகளை முடிந்த கோப்பில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.

கரன்ட் போனாலும் வேலை போகாமல்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரன்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போதும் ஒரு மழைக்கும் காற்றுக்கும் கரன்ட் போகிறது. நீண்ட ரெண்டரை நேரடியாக ஒரே காணொளிக் கோப்பாக எடுத்தால், தொண்ணூறு வீதத்தில் நின்றாலும் பெரும்பாலும் கோப்பு உதவாது. அதற்குப் பதிலாகப் பிஎன்ஜி படவரிசையாக எடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தனிப்படமாகச் சேமிக்கப்படும். ரெண்டர் அமைப்பில், ஏற்கெனவே உள்ள கோப்புகளைத் தவிர்க்கும் தெரிவை இட்டால், கரன்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நின்ற நேரத்தில் எழுதப்பட்ட கடைசிப் படம் பழுதாகியிருக்கலாம்; அதை மட்டும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒலியை வேவ் கோப்பாகத் தனியாக எடுத்துக் கடைசியில் சேர்க்கலாம்.

இதே தெரிவால் இன்னொரு பயனும் உண்டு. மூன்று கணினிகள் ஒரே வலையமைப்பில் இருந்தால், ஒரே பகிர்ந்த கோப்புறைக்கு மூன்றும் சேர்ந்து ரெண்டர் செய்யலாம். ஆனால் மூன்றிலும் ஒரே பதிப்பும், ஒரே எழுத்துருக்களும், ஒரே பிளகின்களும் இருக்கவேண்டும். இல்லையென்றால் முகம் பற்றி மேலே சொன்ன ஆபத்து இங்கும் வந்துவிடும்.

களவுப் பிளகினும் எஞ்சிய தடயமும்

பூட்டு உடைக்கப்பட்ட பிளகின்கள் பென் டிரைவில் கைமாறுவது எங்களுக்குப் புதிதல்ல. வாங்க வசதியில்லாத ஒருவருக்கு நான் ஒழுக்கம் போதிக்க வரவில்லை. ஆனால் அவற்றை நிறுவும்போது வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்வார்கள். அப்படி நிறுத்திவிட்டு யாரென்று தெரியாதவர் செய்த ஒன்றை ஓடவிட்ட கணினியில்தான் சாட்சியத்தின் மூலப்பதிவும் இருக்கிறது. அந்தப் பதிவு எங்கே போகிறது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பிலேயே ஃபியூஷன் என்ற அசையும் வரைகலைப் பகுதி இருக்கிறது. பிளெண்டரும் கேடென்லைவும் முழுமையாக இலவசம். சாட்சியம் சார்ந்த வேலைக்கு இவை தாராளமாகப் போதும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தன் கேஷில் ரெண்டர் செய்த ஃபிரேம்களையும், வேகத்துக்காக மாற்றிய ஒலியையும் சேமித்து வைக்கிறது. மறைப்பு இடுவதற்கு முந்திய முகமும் மாற்றாத குரலும் அதில் எஞ்சியிருக்கலாம். புரொஜெக்ட்டை அழித்தாலும் கேஷ் தானாக அழியாது. வாடகை ஸ்டூடியோவில் வேலை செய்தால் எழுந்து வரு முன், சொந்தக் கணினியைத் திருத்தக் கொடுத்தால் கொடுக்கு முன், டிஸ்க் கேஷ், மீடியா கேஷ் இரண்டையும் மென்பொருளுக்குள்ளிருந்தே துப்புரவாக்குங்கள். கேஷில் கோளாறான ஃபிரேம் சிக்கி ரெண்டரைக் குழப்பும்போதும் இதே மருந்துதான்.

வெளியிடு முன் நான்கு விடயங்களைச் சரிபாருங்கள். திறக்கும்போது வந்த எச்சரிக்கையை வாசித்தீர்களா? முகம் வரும் ஒவ்வொரு இடத்தையும் முடிந்த கோப்பில் பார்த்தீர்களா? பெயர்களை அந்தக் குடும்பத்தவர் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தீர்களா? மூலப்பதிவின் இரண்டு பிரதிகள் இரண்டு வேறு இடங்களில் இருக்கின்றனவா? இவற்றில் ஒன்றுக்கேனும் பதில் இல்லை என்றால் காணொளியை ஒரு நாள் பிந்தி வெளியிடுங்கள். நினைவுநாள் தாண்டினாலும் பரவாயில்லை. பேசியவர் அதே ஊரில் தொடர்ந்து வாழவேண்டும்.