உங்களுக்குத் தெரியுமா? கேபின் எதுவோ, பந்தியும் அதுவே!

● சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் 'குயின் மேரி 2' கப்பலில், இரவு எந்த மண்டபத்தில் சாப்பிடப் போகிறீர்கள் என்பது டிக்கெட் எடுக்கும்போதே முடிவாகிவிடும். சாதாரண கேபின் என்றால் பிரிட்டானியா உணவகம். அதைவிடக் கொஞ்சம் உசத்தியான பால்கனி கேபின் என்றால் பிரிட்டானியா கிளப். சூட் எடுத்தவர்களுக்கு பிரின்சஸ் கிரில். அதைவிடப் பெரிய சூட் என்றால் குயின்ஸ் கிரில். 2004-ல் முதல் பயணம் கிளம்பிய இந்தக் கப்பலை நடத்தும் கியூனார்டு நிறுவனம், அறைக்கு ஏற்ற உணவகம் என்ற பழைய வழக்கத்தை இன்றும் விடவில்லை, மறைக்கவும் இல்லை.

பிரிட்டானியா, கப்பலின் முழு அகலத்துக்கும் விரிந்து கிடக்கும் மண்டபம். 1,300 பேருக்கு மேல் உட்காரலாம். பார்வைக்கு அதுதான் பிரமாண்டம். ஆனால் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று நேரம் வைத்துத்தான் சாப்பாடு. குயின்ஸ் கிரில் சுமார் 200 பேருக்கான இடம். அங்கே பயணம் முடியும்வரை உங்கள் மேசை உங்களுடையது. சாப்பாட்டு நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மெனுவில் இல்லாததையும் முன்கூட்டிச் சொல்லிவைத்துச் சமைக்கச் சொல்லலாம்.

● தனி உணவகம் வைத்திருக்கும் கப்பல்களில் பொதுவாக ஒரு விதி உண்டு: மேல் வகுப்புக்காரர் கீழே வந்து சாப்பிடலாம், கீழ் வகுப்புக்காரர் மேலே போக முடியாது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு கப்பல் ஏறி, பெரியவர்களுக்கு மட்டும் சூட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. சேர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் அப்பாவும் அம்மாவும்தான் இறங்கி வரவேண்டும்.

● விரும்பிய நேரத்தில் போய், விரும்பியதைக் கேட்டு, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகம் கப்பலுக்கு வந்தது 1905-ல். ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் 'அமெரிக்கா' கப்பலில் திறந்த அந்த உணவகத்தின் பெயர் ரிட்ஸ்-கார்ல்டன். ஓட்டல் உலகின் சீசர் ரிட்ஸும் சமையல் மேதை எஸ்கோஃபியேவும் அதன் பின்னால் இருந்தார்கள். அதற்கு முன்னால் முதல் வகுப்புச் சீமானும் மணி அடித்தால் எழுந்து போய், வைத்ததைச் சாப்பிட வேண்டியவர்தான்.

● டைட்டானிக்கின் முதல் வகுப்புப் பயணிகளுக்கு டி தளத்தில் பெரிய சாப்பாட்டுக்கூடம் இருந்தது. அங்கே சாப்பிடுவது டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனாலும் பி தளத்தில் இன்னொரு உணவகம் வைத்தார்கள். லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. முதல் வகுப்புக்காரர்கள் மட்டுமே நுழையலாம். அவர்களும் காசு கொடுக்க வேண்டும். பயணம் முழுக்க இங்கேதான் சாப்பிடுவேன் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் கட்டணத்தில் ஒரு பகுதி கழித்துக்கொடுத்தார்கள்.

1912 ஏப்ரல் 14 இரவு, பிலடெல்பியாவின் கோடீஸ்வரர்களான வைடனர் குடும்பத்தினர் கேப்டன் ஸ்மித்துக்கு விருந்து கொடுத்தது இங்கேதான். அன்றிரவு 11.40-க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. காட்டியின் ஆட்கள் 60 பேருக்கு மேல். பெரும்பாலும் இத்தாலியர்கள், பிரெஞ்சுக்காரர்கள். பிழைத்தவர்கள் மூன்றே பேர்: கல்லாவில் இருந்த இரண்டு பெண்கள், அலுவலக வேலை பார்த்த ஓர் இளைஞர். காட்டியும் இறந்துபோனார்.

● அதே கப்பலில் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சமையற்கட்டு ஒன்றுதான். முன்பக்கம் முதல் வகுப்புக்கூடம், பின்பக்கம் இரண்டாம் வகுப்புக்கூடம், நடுவில் அடுப்பு. அந்தக் கடைசி இரவில் இரண்டாம் வகுப்பு மெனுவில் இருந்த ஓர் அயிட்டம்: சிக்கன் கறியும் சோறும்!

● டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பு மெனுவின் அடியில் ஓர் அறிவிப்பு அச்சிட்டிருந்தார்கள். சாப்பாட்டில் குறை இருந்தாலோ, பரிமாறுபவர் மரியாதைக் குறைவாக நடந்தாலோ உடனே புகார் கொடுக்கலாம். ஆளை அடையாளம் காட்ட ஒவ்வொருவர் கையிலும் எண் பட்டை இருக்கும் என்று. ஏழைப் பயணிகளிடம் நல்ல பெயர் வாங்குவதில் கப்பல் கம்பெனிகளுக்கு அவ்வளவு அக்கறை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர்கள்தானே வியாபாரத்தின் பெரும்பங்கு!

● 1936-ல் வந்த முதல் 'குயின் மேரி'யின் உயர் வகுப்பு உணவு மண்டபத்தில் அட்லாண்டிக் கடலின் பிரமாண்டமான வரைபடம் ஒன்று. அதில் படிகத்தால் செய்த ஒரு குட்டிக் கப்பல் நகரும். நியூயார்க் இன்னும் எவ்வளவு தூரம் என்பதைச் சூப் குடித்துக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம். இதுவும் போதாதென்று நினைத்தவர்களுக்கு மேல்தளத்தில் வெராண்டா கிரில். அங்கே உயர் வகுப்பு டிக்கெட்டுடன் கூடுதல் காசும் வேண்டும். இன்றைய கிரில் உணவகங்களுக்குப் பெயர் கிடைத்தது இந்தப் பரம்பரையில்தான். கப்பல் இப்போது கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஓட்டலாக நிற்கிறது.

● 'நார்மண்டி' கப்பலின் (1935) முதல் வகுப்பு உணவு மண்டபத்தின் நீளம் 93 மீட்டர். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிட நீளம். சன்னல் ஒன்றுகூடக் கிடையாது. வெளிச்சம் எல்லாம் லாலிக் கண்ணாடி விளக்குகளிலிருந்து.

● நம் பக்கத்துக் கடலிலும் இந்தக் கதை உண்டு. 1926-ல் கட்டப்பட்ட 'எஸ்.எஸ். ரஜூலா' நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. உல்லாசக் கப்பல் இல்லை, பிழைக்கப் போனவர்களின் கப்பல். கேபின் பயணிகள் கொஞ்சம் பேர். டெக் டிக்கெட்காரர்கள் ஆயிரக்கணக்கில். கேபின்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கூடம். டெக்கில் வந்தவர்களுக்குப் பாய் விரித்த இடமே படுக்கை, அதுவே பந்தி. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் ரஜூலா பெயரைச் சொன்னால் இன்றும் ஏதாவது ஒரு கதை வரும்.

● 'பிரான்ஸ்' என்ற கப்பல் 1962-ல் இரண்டு வகுப்புகளோடு ஓடத் தொடங்கியது. முதல் வகுப்புக்கு ஷம்போர் என்ற வட்ட மண்டபம், மற்றவர்களுக்கு வெர்சாய். 1980-ல் அதுவே 'நார்வே' என்ற பெயரில் கரீபியன் உல்லாசக் கப்பலாக மாறியபோது, வகுப்புகளைப் பிரித்த தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். இரண்டு மண்டபங்களுக்கும் புதுப்பெயர் வைத்தார்கள். கடைசியில் 'புளூ லேடி' என்ற பெயரோடு 2006-ல் குஜராத்தின் அலங் கரைக்கு வந்து சேர்ந்து, உடைபட்டது.

● தடுப்பை எடுக்கவைத்தது தாராள மனசு இல்லை, ஜெட் விமானம். 1958-ல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும், ஊர் போய்ச் சேரக் கப்பல் ஏறுவோர் குறைந்துபோனார்கள். ஊர் சுற்றுவோரை நம்பித்தான் கப்பல் ஓட வேண்டும் என்ற நிலை. ஒரு வாரம் வெயில் காய வந்தவரிடம் 'இந்தப் பக்கம் வராதே' என்று கயிறு கட்டினால் அடுத்த வருஷம் வருவாரா? 'ஒரே வகுப்பு' என்பது அப்போது விளம்பர வாசகமாகவே இருந்தது.

● ஆனால் சாப்பாட்டு மேசை மட்டும் அடங்கவில்லை. 1969-ல் ஓடத் தொடங்கிய கியூனார்டின் 'கியூ.இ.2' (குயின் எலிசபெத் 2), உல்லாசப் பயணங்களில் ஒரே வகுப்புக் கப்பல்தான். 1972-ல் அதன் மேல்தளத்தில் புதிய சூட்கள் கட்டினார்கள். அவற்றில் தங்குபவர்களுக்கென்று குயின்ஸ் கிரில்லையும் திறந்தார்கள். பாரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறு வேறு கதவு. இப்போது நடக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் முன்மாதிரி.

● 'கப்பலுக்குள் கப்பல்' என்று தொழிலில் சொல்வார்கள். 2008-ல் 'எம்.எஸ்.சி ஃபண்டாசியா'வில் வந்த யாட் கிளப், நார்வீஜியன் நிறுவனத்தின் ஹேவன், ராயல் கரீபியனின் சூட் வகுப்புகள், செலிபிரிட்டியின் ரிட்ரீட் எல்லாம் இந்த வகை. தனி லவுஞ்சு, தனி வெயில்தளம், புதிய கப்பல்களில் தனி உணவகம். பழைய நாளில் கயிறும் பூட்டிய கதவும் செய்த வேலையை இப்போது அறைச் சாவி அட்டை செய்கிறது. உங்கள் அட்டைக்கு அனுமதி இல்லையென்றால் கதவு திறக்காது. சில இடங்களில் லிஃப்டே அந்தத் தளத்துக்குப் போகாது. யாரும் யாரையும் 'போ' என்று சொல்லவேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள சாமர்த்தியம்.

5,000 பேர் ஏறும் கப்பலில் காசுள்ளவர் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்? இறால் பெரிசாக இருக்கும் என்பதற்காகவா? நான் நினைக்கவில்லை. காலை பஃபேயில் தட்டோடு அலைந்து மேசை தேடவேண்டாம், பரிமாறுகிறவருக்கு நம் பெயர் தெரியும், காபிக்கு எத்தனை சர்க்கரை என்பதும் தெரியும். அந்த நிம்மதிக்குத்தான் அவ்வளவு பணமும்.

● ராயல் கரீபியனின் கோஸ்டல் கிச்சன் சூட்காரர்களுக்கான உணவகம். அதற்குள்ளும் படிகள் உண்டு. கிராண்ட் சூட், அதற்கு மேல் என்றால் மூன்று வேளையும் போகலாம். ஜூனியர் சூட் என்றால் இரவுச் சாப்பாடு மட்டும், அதுவும் இடம் இருந்தால். பெயரில் 'சூட்' இருக்கிறதே என்று நம்பிக் காலையில் போய் நின்று திரும்புகிறவர்கள் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, 'எந்தெந்த வேளைக்கு?'

● சூட் இல்லாமலே தனி உணவகம் வேண்டுமா? செலிபிரிட்டியில் அக்வாகிளாஸ் என்று ஒரு வகை உண்டு. 2008-ல் 'சால்ஸ்டிஸ்' கப்பலோடு வந்தது. அறை கிட்டத்தட்ட சாதாரண பால்கனி கேபின்தான். ஆனால் ஸ்பா வசதியும் 'புளு' என்ற தனி உணவகமும் சேர்ந்து வரும். அதே நிறுவனத்தின் லூமினே உணவகம் ரிட்ரீட் சூட்காரர்களுக்கு மட்டும். அதன் மெனுவில் டேனியல் பூலூ என்ற பிரெஞ்சு சமையற்கலைஞர் வடிவமைத்த பதார்த்தங்கள் இருக்கும். கையைக் கடிக்காமல் கூட்டத்திலிருந்து ஒதுங்கிச் சாப்பிட விரும்பும் இருவருக்கு என் ஓட்டு புளுவுக்குத்தான். குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்குப் பெரிய மண்டபமே தேவலை.

● இரவில் ஸ்டேக் விற்கும் கட்டண உணவகம் காலையில் சும்மாதானே கிடக்கிறது? ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் அதைச் சூட்காரர்களின் காலைச் சிற்றுண்டிக்குத் திறந்துவிடுகிறது: பினாக்கிள் கிரில். நார்வீஜியன் கப்பல்கள் சிலவற்றில் கேக்னீஸ் உணவகத்துக்கும் இதே வேலை. புதிதாக ஒரு சுவர்கூடக் கட்டாமல் ஒரு சலுகை! கணக்குப்பிள்ளை மூளை.

● எல்லா உணவகமும் எல்லோருக்கும், கூடுதல் கட்டணம் இல்லை என்று சொல்லும் கப்பல்களிலும் அறைக்கு மதிப்பு உண்டு. அங்கே கதவுக்குப் பதில் காலண்டர். வைக்கிங் கடல் கப்பல்களில் மிகப்பெரிய சூட்காரர் 100 நாளுக்கு முன்பே மேசை பிடிக்கலாம். தொடக்கநிலை அறைக்காரருக்கு 60 நாள். ஓஷியானியாவிலும் அறை பெரிதாக ஆக முன்பதிவு முந்தும். சாதாரண அறைக்காரர் உள்ளே போய்ப் பார்க்கும்போது மாலை ஏழு மணி மேசைகள் போயிருக்கும். ஐந்தரை மணியும் ஒன்பது மணியும் மிச்சம் இருக்கும்.

● பல நிறுவனங்கள் காலியாக இருக்கும் சூட்களை ஏலத்தில் விடுகின்றன. ஏற்கெனவே கேபின் எடுத்தவர்கள், இன்னும் இவ்வளவு தருகிறேன் என்று தொகை குறித்து அனுப்பலாம். ராயல் கரீபியனில் ஏலத்தில் கிடைத்த சூட்டுக்கும் அந்த வகுப்பின் உணவக அனுமதி உண்டு. தொகை ஆளுக்கு இவ்வளவு என்று கணக்காகும் என்பதைக் கவனிக்காமல் குறித்துவிட்டால், இருவருக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கார்டில் ஏறிவிடும்.

● சேவைக் கட்டணம் என்று நாளொன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு பிடிப்பார்கள் அல்லவா? சூட் என்றால் அதுவும் கூடுதல்.

● கியூனார்டில் அறைக்கு அடுத்து உடை. கோலாகல இரவுகளில் கோட்டு சூட்டு இல்லாதவர், எவ்வளவு காசு கொடுத்து வந்திருந்தாலும், பஃபே, பப் போன்ற சில இடங்களுக்குத்தான் போக வேண்டும். தேசிய உடைக்கும் இடம் உண்டு என்பதால் பட்டு வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தைரியமாகப் போகலாம்.

● இதற்கெல்லாம் எதிர்த்திசையில் போனது டிஸ்னி. 1998-ல் 'டிஸ்னி மேஜிக்' வந்தபோது, எல்லாப் பயணிகளும் இரவுக்கு ஓர் உணவகமாகச் சுற்றி வரும் முறையை வைத்தார்கள். உங்களுக்குப் பரிமாறுகிறவர்களும் உங்களோடு உணவகம் மாறி வருவார்கள். சூட்டில் தங்கினாலும் சன்னல் இல்லாத அறையில் தங்கினாலும் சுழற்சி ஒன்றுதான். பெரியவர்களுக்கு மட்டுமான 'பாலோ' என்ற கட்டண உணவகத்தில் மட்டும், முன்பதிவு முதலில் திறப்பது கான்சியர்ஜ் என்ற உயர்வகை அறைக்காரர்களுக்கு.